வளருகிற குழந்தைக்கு வாங்கிய கோல்ஃப் கட்டைகள்

சரோஜினி நகர்,
புது டில்லி,
19-11-1983

மாயவரம் ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் பாலசுப்ரமணியம் அத்திம்பேர் அவர்களுக்கு வைத்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், விசாலம், குழந்தை மீனாக்ஷி மூவரும் தங்கள் ஆசீர்வாதத்தில் சௌக்கியம். குளிர் வந்துவிட்டது. ரஜாய்ப் போர்வைகளை எடுத்து வெயிலில் போட்டாயிற்று. அங்கே தங்கள் பிளட் பிரஷரும் அக்காவின் முழங்காலும் இந்த மழைக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருக்கும் என்று நம்புகிறேன். நிற்க, தங்கள் ஒன்பதாம் தேதிக் கார்டு கிடைத்தது. மொத்தம் மூன்றே வரி. "மீனா கையில் கட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்தில் அலைகிறாளாமே. பத்தாம் கிளாஸ் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா இல்லையா. உடனே விளக்கம் எழுது." இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு ஆபீஸில் ஒரு மெமோ வந்தது கிடையாது. முதல் மெமோ மாயவரத்திலிருந்து வந்தது. அதுவும் திறந்த கார்டில் வந்ததால் மாடி வீட்டு ராமமூர்த்தி எனக்கு முன்னால் படித்துவிட்டார். தங்கள் வீட்டில் நாலு வருஷம் சாப்பிட்டு, தாங்கள் கட்டிய ஃபீஸில் பி.ஏ. பாஸ் செய்தவன் நான். தங்களிடம் மறைக்க எனக்கு வாய் வராது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாயிண்ட் செக்ரெட்டரியிடம் அவசரமாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவர் கோல்ஃப் மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போகிற வழியில் கறிகாய் வாங்கவேண்டும் என்று மீனாவையும் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வெண்டைக்காய்ப் பையோடு அவளை வாசலில் நிறுத்திவிட்டு, நான் ஃபைலும் கையுமாக ஜாயிண்ட் செக்ரெட்டரி பின்னால் மூன்று குழி தூரம் ஓடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தால், வெண்டைக்காய் புல்லில் கிடக்கிறது, இவள் ஓர் எம்பஸி அம்மாளின் கட்டையை வாங்கிப் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறாள்! ஏய், வைடி கீழே என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பந்து 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு எழும்பி, அங்கே நடுவில் நிற்கிற பழைய கல்லறை மண்டபத்தைத் தாண்டி விழுந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்த அம்மாள் பெயர் மிஸஸ் ஹால்வர்சன். "இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று என்னைக் கேட்டாள். இவளுக்கு இதுவரை நாங்கள் சொல்லிக்கொடுத்தது பாட்டு ஒன்றுதான், அது வரவில்லை என்று சொன்னேன். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் மிஸஸ் ஹால்வர்சனே இவளை அழைத்து வைத்துத் தன் கட்டைகளால் ஆடவிட்டாள். ஒரு பைசா கேட்டதில்லை. நல்ல மனுஷி, மாமிசம் சாப்பிடுகிறவள் என்பதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகஸ்டில் அவளுக்கு மாற்றல் வந்தது. கட்டைகளும் அவளோடு கப்பல் ஏறின. போவதற்கு முன் மீனாவுக்கு ஓர் உபகாரம் செய்தாள். எம்பஸிக்காரர்களுக்கு அளவெடுப்பதற்காக அவர்கள் தேசத்திலிருந்து ஓர் ஆள் நாலு நாள் வந்திருந்தான். ஆமாம் அத்திம்பேர், அளவு! சட்டைக்கு எடுக்கிற மாதிரி கோல்ஃப் கட்டைக்கும் ஆளைப் பார்த்து அளவெடுப்பார்களாம். மீனாவை நிற்க வைத்து, நடக்க வைத்து, நாற்பது பந்து அடிக்க வைத்து, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். கட்டைக்குத் தலை என்று ஓர் இரும்பு, அதைப் பிடிக்க ஒரு தண்டு. தண்டு வழக்கமான பெண்கள் அளவைவிட அரை அங்குலம் குறைவாகவும், நன்றாக வளைந்து கொடுக்கிற மெலிசு ரகமாகவும் இருக்கவேண்டும் என்பது காகிதத்தின் சாரம். இப்படி ஏழு கட்டை. நவம்பர் பதிமூன்றாம் தேதி டில்லி ஜூனியர் பெண்கள் அணிக்குத் தேர்வு. நாலு பேர் எடுப்பார்கள், கல்கத்தாவுக்குப் போய் ஆடவேண்டும். சொந்தக் கட்டை இல்லாதவள் போய் நிற்கவே முடியாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கனாட் பிளேஸில் ஒரு கடையில் இறக்குமதி விலை கேட்டேன். அந்தத் தொகையை எழுதினால் தங்கள் பிளட் பிரஷருக்கு நான் பொறுப்பாவேன். கடைக்காரனிடம் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். டில்லி, ஜலந்தர், மீரட் என்று மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன். மூன்றில் குறைந்தது மீரட். ஆர்டர் எழுத உட்கார்ந்தேன். இங்கேதான் அத்திம்பேர், என் புத்தி கெட்டது. பக்கத்தில் விசாலம் மீனாவின் பாவாடையில் போன வருஷம் உள்ளே மடித்துத் தைத்த மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நமக்கெல்லாம் அப்படித்தானே! வளருகிற குழந்தைக்கு யாராவது உள்ளபடி அளவு கொடுப்பார்களா? எனக்குத் தாங்கள் வாங்கிக் கொடுத்த முதல் ஃபுல் பேண்ட் பி.ஏ. முடிக்கிற வரை ஓடியதே. வெள்ளைக்காரனுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை என்று தீர்மானித்து, அவன் எழுதிய அளவோடு இரண்டு அங்குலம் கூட்டி எழுதினேன். அதோடு விட்டேனா? தண்டு வளையவேண்டும் என்று இருந்ததே, வளைகிற சாமானுக்கு யாராவது காசு கொடுப்பானா என்று அதையும் அடித்துவிட்டு, 'உறுதியாக, கொஞ்சமும் வளையாததாக, நீடித்து உழைக்கக்கூடியதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆபீஸில் மேஜை, அலமாரி, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் இதையேதான் எழுதுவோம். மீரட்டுக்காரர்கள் யோக்கியர்கள். நான் எழுதியதை ஒரு நூல் பிசகாமல் செய்து அனுப்பினார்கள்.

கட்டைகள் வந்த அன்று மீனா ஒவ்வொன்றையும் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். "ரொம்ப நன்னா இருக்குப்பா" என்றாள். மைதானத்துக்குப் போய் அடித்தாள். பந்து எழும்பவில்லை. தலை பந்தின் மேலே உரசிக்கொண்டு போகிறது, பந்து நாலடி உருண்டு நிற்கிறது. அடுத்ததில் பந்துக்கு முன்னாலேயே தரையில் குத்தி ஒரு கூடை மண் பறந்தது. ஒரு வாரம் இப்படி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அத்திம்பேர். "புதுசுப்பா, பழகிக்கறேன்" என்றுதான் சொன்னாள். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் ஸ்பூன் கேட்டாள். ரசம் சாதத்துக்கு ஸ்பூனா என்று விசாலம் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஒரு தகப்பன் தன் புத்திசாலித்தனத்தால் குழந்தையின் கையைப் புண்ணாக்கி உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பவுனு திரும்பிப் பார்த்தாள். பவுனு எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள், திண்டிவனம் பக்கத்துக்காரி. "ஏஞ்சாமி, இந்தக் கம்புக்கா இவ்ளோ ரோதனை? எங்க ஊட்டுக்காரரு இதைத்தான தெனம் ரிப்பேர் பண்றாரு!" என்றாள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள், எனக்கு இது தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவள் புருஷன் ஏகாம்பரம் கட்டட வேலைக்கு டில்லி வந்து, பிறகு மைதானத்தில் துரைமார்களுக்குப் பை தூக்கி, இப்போது அதன் பின் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கட்டை பழுது பார்க்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தப் பேனாவைக் கையில் எடுத்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

மறுநாள் காலை மீனாவோடு கட்டைகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டினார். "யாரு சார் செஞ்சது?" என்றார். மீரட் என்றேன். "மீரட்டுக்காரன் எழுதிக் குடுத்ததைத்தான் செஞ்சிருப்பான். எழுதிக் குடுத்தது யாரு?" நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். "வளர்ற குழந்தையாச்சேன்னு..." என்று இழுத்தேன். "இதென்னா பாவாடையா சார், வருசா வருசம் பிரிச்சு உட? பாப்பா இன்னிக்கி எவ்ளோ ஒசரமோ அதுக்குத்தான் கம்பு. வளந்தா அப்பால பாத்துக்கலாம்." அவர் அதட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தாங்கள் ஏழாம் கிளாஸில் என்னைப் பெஞ்சில் ஏற்றிய தினத்துக்குப் பிறகு நான் அப்படிக் கூசியதில்லை. பிறகு மீனாவைக் கூப்பிட்டு ஒரு பழைய கட்டையைக் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கவேண்டாமா ஐயா என்றேன். "சும்மா இரு சார், சத்தம் கேக்கணும்" என்றார். மூன்று பந்து. பிறகு ஒரு சணல் கயிற்றை எடுத்து அவள் மணிக்கட்டிலிருந்து தரைக்குத் தொங்கவிட்டு, ஒரு முடிச்சுப் போட்டு, "இவ்ளோதான். தண்டு நல்லா மெலிசா, தொவண்டு குடுக்கணும்" என்றார். வெள்ளைக்காரனின் காகிதத்தை எடுத்து டேப்பை வைத்துக் கயிற்றை அளந்தேன். அச்சு அசல் அதே அளவு! படிக்கத் தெரியாத மனுஷர், அத்திம்பேர்! நான் காகிதத்தைக் காட்டி வியந்தபோது அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சா, அவனுக்கும் வேலை தெரிஞ்சிருக்கு" என்று அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்.

நீளத்தை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். வெட்டினால் தண்டு இன்னும் விறைத்துக்கொள்ளுமாம், தண்டையே மாற்றவேண்டுமாம். புதுத் தண்டு விலை நமக்குக் கட்டாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னைச் செங்கோட்டைக்குப் பின்னால் கூடுகிற பழைய சாமான் சந்தைக்கு அழைத்துப் போனார். அங்கே இல்லாதது இல்லை. ஒற்றைச் செருப்பு, உடைந்த கிராமபோன், யாரோ ஒருவருடைய பல் செட். இவர் எல்லாவற்றையும் அலட்சியமாகத் தாண்டி பழைய இரும்பு விற்கிற ஒரு கபாடிக்காரன் முன்னால் நின்றார். துருப்பிடித்த தலையோடு ஆறு பழைய பெண்கள் கட்டைகள் கயிற்றில் கட்டிக் கிடந்தன. அவன் அவற்றை எருமை ஓட்டுகிற கம்பு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தான். நான் பரபரப்பாகக் கை நீட்டினேன். என் கையை அமுக்கிவிட்டு, "பையா, எருமை இல்லே நம்மகிட்ட, ஆடுதான்" என்று இந்தியும் திண்டிவனமும் கலந்த பாஷையில் ஆரம்பித்து, ஆட்டுக்கு இவ்வளவு நீளக் கம்பு எதற்கு என்று குறைத்து, கடைசியில் ஒரு கிலோ தக்காளி விலைக்கு முடித்தார். ஒவ்வொரு தண்டாக எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் சுண்டிப் பார்த்தார். ஆறும் தேறின. ஏழாவது? நேரே தன் குடிசைக்குப் போனார். வாசல் திரையை மாட்டியிருந்த கம்பியை உருவினார், அதுவும் அதே ஜாதித் தண்டு. "ஏம்மே பவுனு, திரைக்குக் கவுறு கட்டிக்க" என்றார். அவளும் உடனே கயிறு எடுத்துக் கட்டினாள்.

அடுத்த கட்டம் எங்கள் சமையலறையில் நடந்தது. மன்னிக்கவேண்டும், அக்காவிடம் இந்த பாராவை வாசித்துக் காட்டவேண்டாம். தலையைக் கழற்ற அதைச் சூடு பண்ணவேண்டும். அவருடைய ஸ்டவ் பழுதானதால் விசாலத்தின் காஸ் அடுப்பில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு இரும்புத் தலைகளை ஏற்றினோம். மடி, ஆசாரம் என்று எத்தனை சொல்வாள் விசாலம்! அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுக்கி பிடித்து நின்றாள். மீரட் தலைகளில் பழைய தண்டுகளைச் செருகிப் பசை போட்டதும், ஏகாம்பரம் ஆட்டிப் பார்த்துத் தலை லேசாக இருக்கிறது, கொஞ்சம் ஈயம் ஒட்டவேண்டும் என்றார். ஈயமா என்று விசாலம் பரண் மேல் ஏறினாள். எங்கள் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த ஈயச் சொம்பு, போன தீபாவளிக்கு ரசம் ஊற்றுவதற்கு முன்னால் அடுப்பில் வைத்ததால் அடி உருகிப் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தகடாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டி ஏழு தலைக்குப் பின்னாலும் ஒட்டினார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பாப்பா அடிக்கட்டும், கேட்டுட்டு சொல்றேன்" என்றார். மறுநாள் மாலை மீனா அடித்தாள். அந்த 'டிக்' திரும்பி வந்தது! ஏகாம்பரம் கண்ணைத் திறக்காமலே, "ஆயிடுச்சு" என்றார். அவர் கேட்ட கூலியைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பங்காகக் கொடுத்தேன், ஒரு பங்கைத் திருப்பிவிட்டார். ஜாயிண்ட் செக்ரெட்டரி பத்துப் பேரை ஒரு தட்டில் வைத்தாலும் இந்த மனுஷருக்கு ஈடாகாது. இதை அவர்கள் காதில் போடவேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பை தூக்க ஆள் வைக்கவில்லை, நானே தூக்கினேன். மற்றப் பெண்களெல்லாம் காரில் வந்தவர்கள், பளபளவென்று வெளிநாட்டுக் கட்டைகள். இவள் பவுடர் கலர் ஸ்வெட்டரும் இரட்டைப் பின்னலுமாக நிற்கிறாள். ஆடினாள் பாருங்கள் அத்திம்பேர்! எனக்கு இந்த ஆட்டம் இன்றைக்கும் பாதி புரியாது, ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது. பதினைந்தாவது குழி வரை நாலாவது இடத்தில் இருந்தாள். பதினாறாவதில் பந்து ஒரு புதரடியில் நின்றது. கட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். பந்து ஒரு கடுகளவு அசைந்தது. அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் குறைவாக அடித்தவருக்குத்தான் ஜெயம், அடிக்கும் முன்னால் பந்து அசைந்துவிட்டால் ஓர் அடி கூடுதலாகக் கணக்கு. கூட ஆடுகிற பெண்கள் தூரத்தில் நின்றார்கள், நடுவர் யாரும் இல்லை. அவளும் நானும்தான் பார்த்தோம். அவள் கையைத் தூக்கப் போனாள். தங்களிடம் பொய் சொல்லக்கூடாது, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரும் பாக்கலைடி" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "நான் பார்த்தேனேப்பா" என்றாள். கையைத் தூக்கி, பந்து அசைந்தது, எனக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டுச் சொன்னாள். தோளில் பையோடு நான் அங்கேயே நின்றேன். முப்பது வருஷம் தாங்கள் வாய்மை அதிகாரம் நடத்தி எத்தனை பேர் மார்க் வாங்கினோம், ஒருவனாவது இப்படிக் கை தூக்கியிருப்போமா? நான் பெற்றதுதானா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த ஒன்றினால்தான் ஐந்தாவதாகப் போனாள். முதல் நாலு பேருக்கு அணியில் இடம். ஐந்தாவது ரிசர்வ். ரிசர்வ் என்றால் சும்மா பெயருக்குத்தான். வேலியோரம் நின்ற ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு செஞ்சது வீண் போவல சார்" என்றார்.

ஆகவே அத்திம்பேர், தங்கள் கார்டுக்கு என் விளக்கம் இதுதான். தாங்கள் சொன்னதே சரி. இந்த விளையாட்டு இத்தோடு முடிந்தது. மீனாவும் ஒப்புக்கொண்டுவிட்டாள். நாளை முதல் கணக்கு டியூஷன். கட்டைகளுக்கு ஆள் பார்க்கும்படி ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டேன். தங்கள் வார்த்தையை இந்த வைத்தி ஒருநாளும் மீறமாட்டான் என்று தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லி, முழங்காலுக்குத் தைலம் விடாமல் தேய்க்கச் சொல்லவும். குழந்தைக்குத் தங்கள் இருவர் ஆசீர்வாதமும் என்றைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
வைத்தி

பி.கு. அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் விசாலாக்ஷி நமஸ்காரம். தபாலில் போடச் சொல்லி இவர் கொடுத்த கவரை ஒட்டாமலே கொடுத்துவிட்டார், அதனால் படித்தேன். கடைசி பாராவையும், ரிசர்வ் பெயருக்குத்தான் என்றதையும் மட்டும் நம்பவேண்டாம். ரிசர்வும் அணியோடு கல்கத்தா போகவேண்டும். வெள்ளிக்கிழமை ரயில். கட்டைகளை விற்கவும் இல்லை, ஏகாம்பரம் அதற்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறார். மீனாவோடு இவரும் போகிறார். தங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இப்படி எழுதிவிட்டார். கோபித்துக்கொள்ளவேண்டாம், தங்களை நினைத்தாலே இவருக்கு இன்னும் ஏழாம் கிளாஸ்தான். கணக்குப் புஸ்தகத்தை நான் பெட்டியில் முதலில் வைத்துவிட்டேன். இன்னும் ஒன்று. பத்து நாள் லீவுக்கு இவர் முதலில் எழுதிய மனுவில், 'மாயவரத்தில் என் தமக்கை கணவர் கவலைக்கிடம்' என்று எழுதியிருந்தார். மீனா பார்த்துவிட்டாள். "கடுகளவு பந்து நகர்ந்ததை நான் சொன்னேன், நீ முழு அத்திம்பேரையே படுக்க வச்சிருக்கியேப்பா" என்றாள். இவர் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். 'காரணம்: மகளின் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.' இன்று சாங்ஷன் ஆகி வந்துவிட்டது. ஆகையால் தாங்கள் தாராளமாகச் சௌக்கியமாக இருக்கலாம்.